ஓதக் கழிகள் எப்படி உருவாகின்றன? தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்கான கேள்வி பதில்

எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் பிச்சாவரம் சதுப்புக் காட்டுக்குச் சுற்றுலா போய்விட்டு வந்தால் படகைப் பற்றியும் குரங்கைப் பற்றியும் ஒரு வாரம் பேசுவார்கள். அதற்கு நடுவில் யாராவது ஒரு பிள்ளை, "அந்த வாய்க்காலையெல்லாம் யார் சார் வெட்டினது?" என்று கேட்கும். தருமபுரி மாவட்டத்தில் புவியியல் நடத்துகிற எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும். அதற்குப் பதில் சொல்லப் போனால் அடுத்தடுத்து நூறு கேள்வி வரும். மாணவர்களும், உடன் வேலை செய்யும் ஆசிரியர்களும், விவசாயம் பார்க்கும் பெற்றோர்களும் கேட்டவற்றில் முக்கியமானவை இங்கே இருக்கின்றன.

கடலே இல்லாத மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

நம் ஊர் மழைத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். சின்னாறு ஒகேனக்கல்லில் காவிரியோடு கலக்கிறது. தொப்பையாறு மேட்டூர் அணை நீரில் சேருகிறது. அங்கிருந்து போகும் காவிரி, கொள்ளிடமாகவும் மற்ற கிளை ஆறுகளாகவும் பிரிந்து கடலை அடைகிறது. கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கு வடக்கே பிச்சாவரம் இருக்கிறது. காவிரியின் தெற்குக் கிளைகளான பாமணியாறும் கோரையாறும் போய்ச் சேருகிற இடம் முத்துப்பேட்டை, அதுவும் ஒரு சதுப்புக் காடு. தென்பெண்ணை, ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையையும் கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூரையும் தாண்டிக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தென்பெண்ணை வெள்ளம் கடலூர் வரை ஊர்களுக்குள் புகுந்தது. அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வெறும் தண்ணீர் இல்லை, மேட்டு நிலத்து மண்ணும் சேர்ந்துதான் போனது. கழிமுகத்தில் சேறு படிவதும், அந்தச் சேற்றைக் கடல்நீர் அறுத்து வழி உண்டாக்குவதும் நம் ஆறுகளின் கடைசி அத்தியாயம். அதனால் நமக்கும் இதில் பங்கு உண்டு.

ஓதக் கழி என்றால் என்ன?

ஓதம் என்றால் கடல் ஏறி இறங்குவது. கழி என்பது, கடல் ஏறும்போது சதுப்பு நிலத்துக்குள் தண்ணீரைக் கொண்டுபோய், வற்றும்போது அதே வழியில் வடித்துவிடுகிற இயற்கையான வாய்க்கால். ஆற்றில் தண்ணீர் ஒரு பக்கம்தான் ஓடும். கழியில் இரண்டு பக்கமும் ஓடும். நம் கடற்கரையில் கடல் ஏறி இறங்கி மறுபடி ஏற ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகிறது. அப்படியானால் வருடத்துக்கு 700 தடவைக்கு மேல். கழியைச் செதுக்குகிற உளி அதுதான்.

"மீட்டெடுத்த" சதுப்பு நிலம் என்கிறார்களே, அது எப்படிப்பட்டது?

ஒரு காலத்தில் கடல்நீர் வந்துபோன இடத்தை மனிதர்கள் கரை கட்டி அடைத்து வயலாகவோ, உப்பளமாகவோ, இறால் பண்ணையாகவோ மாற்றியிருப்பார்கள். இல்லாவிட்டால் காட்டை வெட்டித் தரிசாக்கியிருப்பார்கள். அந்த இடத்துக்குத் திரும்பவும் கடல்நீரைக் கொண்டுவந்தால் அது மீட்பு. இங்கிலாந்தில் எசெக்ஸ் கடற்கரையில் டோல்ஸ்பரியில் 1995-இலும், லிங்கன்ஷயரில் ஃப்ரீஸ்டனில் 2002-இலும் கடல் கரையை வேண்டுமென்றே உடைத்து வயல்களைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தெற்கில் 15,000 ஏக்கருக்கு மேற்பட்ட பழைய உப்புக் குட்டைகளில் இந்த வேலை நடக்கிறது. தமிழ்நாட்டில் பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் இருக்கின்றன. அவற்றின் கதை வேறு மாதிரி, கீழே சொல்கிறேன்.

கரையை உடைத்துவிட்டார்கள், கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. அன்றைக்கே கழி தோன்றிவிடுமா?

இல்லை. முதலில் தண்ணீர் நிலம் முழுவதும் மெல்லிய விரிப்பாகப் பரவும், அப்படியே திரும்பி வடியும். அதற்கு மண்ணை அறுக்கிற வலு இருக்காது.

ஆனால் எந்த நிலமும் முழுச் சமமாக இருப்பதில்லை. பழைய வரப்பின் ஓரத்திலோ, மாட்டுக் குளம்பு பதிந்த இடத்திலோ, சேறு கொஞ்சம் இளகிய இடத்திலோ ஒரு விரல் ஆழத்துக்குத் தாழ்வு இருக்கும். வடிகிற தண்ணீர் அங்கே கொஞ்சம் கூடுதலாகச் சேரும். கூடுதலாகச் சேர்ந்தால் ஆழமும் வேகமும் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் தரையின் மேல் விழும் இழுவிசை ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதை இங்கே நினைவில் வையுங்கள். அந்த விசை சேறு தாங்கும் எல்லையைத் தாண்டினால் துகள்கள் கிளம்பிவிடும். தாழ்வு இன்னும் தாழும், அடுத்த தடவை இன்னும் அதிகத் தண்ணீர் அங்கே வரும். பக்கத்தில் இருந்த மற்ற தாழ்வுகளுக்கு வரவேண்டிய தண்ணீரையும் அதுவே வாங்கிக்கொள்ளும்.

கழி உருவாவதன் அடிப்படை இவ்வளவுதான். முந்திக்கொண்ட பள்ளம் மேலும் முந்துகிறது. யாரும் திட்டம் போடாமல், வரைபடம் இல்லாமல், சில பருவங்களில் தண்ணீர் தனக்கு வழி போட்டுக்கொள்கிறது. எத்தனை தடவை வகுப்பில் சொன்னாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இதில் வடியும் நேரத்துக்குப் பங்கு பெரிது. கடல் வற்றத் தொடங்கி, சதுப்பின் மேல் நிற்கும் நீர் கரை மட்டத்துக்குக் கீழே இறங்குகிற அந்தக் கொஞ்ச நேரத்தில், பரப்பில் இருந்த தண்ணீரெல்லாம் பள்ளத்துக்குள் இறங்கப் பார்க்கும். கழியில் வேகம் கூடுகிற கட்டங்களில் அது ஒன்று.

ஏன் கிளை கிளையாகப் பிரிகிறது? ஒரே நேர்கோடாகப் போகலாமே?

இதற்கு நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. பென்னாகரம், அரூர் பக்கம் சரிவான செம்மண் கொல்லையில் உழவுக்குப் பிறகு பெருமழை பெய்தால் ஓரத்தில் ஒரு பள்ளம் அறுபடும். அடுத்த மழைக்கு அந்தப் பள்ளத்தின் தலைப்பகுதி இடிந்து மேட்டை நோக்கிப் பின்னுக்கு நகர்ந்திருக்கும். பக்கவாட்டில் தண்ணீர் வந்து விழுகிற இடங்களில் சின்னச் சின்னப் பள்ளங்கள் பிறந்து அவையும் மேலேறும். வயல்காரர் கல் அடுக்கித் தடுக்காவிட்டால் நாலைந்து வருடத்தில் கொல்லையே கிளைவிட்ட ஓடையாகிவிடும்.

கழியும் அப்படியே தலைப்பக்கமாக வளர்கிறது. கழியின் தலையில் ஒரு சின்னப் படி மாதிரியான இறக்கம் இருக்கும். அங்கே தண்ணீர் கொட்டி அடியைக் குடைய, மேல்மண் கட்டியாகச் சரியும். இப்படி நகர்ந்துகொண்டே போகும்போது எந்த இடத்துக்கு வடிகால் இல்லையோ அங்கிருந்து வரும் நீர் புதுக் கிளையைத் திறக்கும். கிளைகள் நெருங்க நெருங்க ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நீர் குறையும். அறுக்கும் விசை சேறு தாங்கும் எல்லைக்குக் கீழே போனதும் வளர்ச்சி நின்றுவிடும்.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். கொல்லையில் பள்ளம் விழுந்தால் நமக்கு நட்டம். சதுப்பில் கழி விழுந்தால்தான் அந்த நிலத்துக்கு உயிர்.

ஒரு கழி எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்று எது தீர்மானிக்கிறது?

ஒரு ஏற்றத்தில் கழியின் வாய் வழியாக உள்ளே போய்வருகிற மொத்தத் தண்ணீரின் அளவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

10 ஹெக்டேர் சதுப்பு, ஏற்றத்தில் சராசரியாக அரை மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 50,000 கன மீட்டர், அதாவது ஐந்து கோடி லிட்டர். இது ஆறே கால் மணி நேரத்தில் வடிய வேண்டும். நொடிக்குச் சராசரி 2.2 கன மீட்டர். வாயின் குறுக்குவெட்டு 2 சதுர மீட்டர்தான் என்றால் தண்ணீர் நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் பாயும், கரையும் அடியும் அறுபட்டு வாய் அகலமாகும். அதையே 20 சதுர மீட்டராக வெட்டி வைத்தால் வேகம் நொடிக்கு 11 சென்டிமீட்டர்தான் வரும், சேறு படிந்து வாய் சுருங்கும். தண்ணீருக்கும் வாய்க்கும் கணக்கு ஒத்துப்போகும் வரை இந்த மாற்றம் நடந்துகொண்டே இருக்கும். பொறியாளர்கள் இந்த உறவை 1930களிலேயே துறைமுக வாய்களில் கவனித்து எழுதிவைத்தார்கள்.

ஃப்ரீஸ்டனில் இது கண்முன்னே நடந்தது. கரையை உடைத்த பிறகு, கரைக்கு வெளியே ஏற்கெனவே இருந்த சின்னக் கழிகள் உள்ளிருந்து வரும் புது நீரையும் சுமக்க வேண்டி வந்ததால் வேகமாக அகன்றன.

பழைய வயலின் இறுகிய மண்ணைத் தண்ணீர் எப்படி அறுக்கும்?

அறுக்க ரொம்பத் திணறும். டிராக்டரும் மாடும் மிதித்து, காய்ந்து இறுகிய மண் ஓத நீருக்கு லேசில் மசியாது. டோல்ஸ்பரியில் பழைய வயல் மட்டத்தின் மேல் கடல் புதிதாகப் படியவைத்த இளஞ்சேற்றில்தான் கழிகள் எளிதாக உருவாயின. அதனால் மீட்கும் நிலம் சற்றுத் தாழ்வாக இருப்பது நல்லது. சேறு படிய இடம் இருக்கும், படியும்போதே கழியும் உருவாகும். மண் கொட்டி முன்கூட்டியே மேடாக்கிவிட்டால் தண்ணீர் எப்போதாவதுதான் ஏறும், கழி வராது. ரொம்பப் பள்ளமாக இருந்தாலும் குளமாகத் தேங்கிவிடும்.

பழைய வயலில் நேர் வாய்க்கால் இருந்தால் கடல்நீர் அதையே பிடித்துக்கொள்ளும். பல காலத்துக்கு அது நேராகவே கிடக்கும்.

செடி முளைத்தால் கழி அடைபட்டுப் போகாதா?

நல்ல கேள்வி. செடி இருக்கும் இடத்தில் தண்ணீர் தடுமாறி மெதுவாகும், சேறு படியும். உண்மைதான். ஆனால் அங்கே போக முடியாத தண்ணீர் செடிகளுக்கு இடையே இருக்கும் வெற்றிடத்தில் போய்ச் சேரும். அங்கே வேகம் கூடி மண் அறுபடும். ஆக, திட்டுத் திட்டாகச் செடி வளரும் காலத்தில் திட்டு உயர்கிறது, இடைவெளி ஆழமாகிறது.

கழி நன்றாக அமைந்த பிறகு செடி காவலுக்கு நிற்கிறது. பிச்சாவரத்தில் கழியோரம் சுரபுன்னை, அதன் பின்னால் வெண்கண்டல் என்று பார்க்கலாம். சுரபுன்னையின் முட்டு வேர்கள் கரையைப் பிடித்துக்கொள்வதால் கழி அவ்வளவு சீக்கிரம் இடம் மாறாது.

நண்டுக்கும் இதில் வேலை உண்டா?

உண்டு. வளை தோண்டுவதால் மண் பொலபொலப்பாகிறது, தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அமெரிக்காவின் தென் கரோலினா கடற்கரையில் ஒரு வகை நண்டு கழியின் தலைப்பகுதியில் கூட்டமாக வாழ்ந்து புல்லையும் வேரையும் தின்று மண்ணைத் தளர்த்த, கழிகள் அந்தத் திசையில் நீண்டுபோனதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

சரி, பிச்சாவரத்தில் மட்டும் ஏன் ஆட்களை வைத்து வாய்க்கால் வெட்டினார்கள்? தண்ணீரே வெட்டிக்கொள்ளாதா?

இந்தப் பக்கத்தில் நான் மிக முக்கியமாக நினைப்பது இந்தக் கேள்வியைத்தான்.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முறைவைத்து முழுதாக வெட்டினார்கள். விடுதலைக்குப் பிறகும் சில காலம் அது நடந்தது. மரம் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. சேற்றில் இருந்த நீர் ஆவியாகி மண் அமுங்கியது. வெட்டிய இடத்தின் நடுப்பகுதி தாழ்ந்து, ஓரம் மேடாக, தொட்டி வடிவத்துக்கு வந்தது. பெரிய ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, வெயிலில் சுண்டி, உப்பு ஏறிக்கொண்டே போனது. அந்த உப்பில் உமரிச் செடியைத் தவிர அதிகம் எதுவும் பிழைக்கவில்லை. எத்தனை கன்று நட்டாலும் கருகியது.

கடல் ஏற்றம் பெரிதாக இருந்திருந்தால் தண்ணீர் தானே அந்த மேட்டை அறுத்திருக்கும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 10 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். அங்கே கரையைத் திறந்துவிட்டால் கடல் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். நம் சோழமண்டலக் கரையில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு உள்ளேதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அறுக்கிற விசை போதாது.

அதனால்தான் 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து, இயற்கைக் கழியில் இருந்து தரிசின் நடுவே ஒரு பெரிய வாய்க்காலும், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் வடிவம் தெரியும், பெயரும் அதுவே ஆயிற்று. தண்ணீர் வந்துபோகத் தொடங்கியதும் தேங்கிய உப்பு கழுவப்பட்டது. வாய்க்கால் ஓரத்தில் ஓதம் தொடுகிற மட்டம் பார்த்துக் கண்டல் கன்றுகளை நட்டார்கள். முத்துப்பேட்டையிலும் இதே முறை. பிச்சாவரம் 2022-இல் ராம்சர் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது பலருக்குத் தெரியும். அந்தக் காட்டின் ஒரு பகுதி மண்வெட்டி பிடித்த கைகளால் மீண்டது என்பதும் அதே அளவுக்குத் தெரிய வேண்டும்.

அப்போ வெட்டிய வாய்க்கால் காலப்போக்கில் இயற்கைக் கழி ஆகிவிடுமா?

ஓரளவுக்கு. ஓரம் சரிந்து, வளைவு விழுந்து, சின்னக் கிளைகள் தாமாகவே பிறக்கலாம். ஆனால் ஏற்றம் குறைவான இடத்தில் வாய்க்காலில் சேறு படிவது அதைவிட வேகமாக நடக்கும். முன்னே போட்ட கணக்கு இங்கேயும் பொருந்தும், தேவைக்கு மேல் அகலமாக வெட்டினால் அடைபடும். அதனால் தூர் வாரும் வேலை அவ்வப்போது இருந்துகொண்டே இருக்கும். ஏரி வாய்க்காலை வருடா வருடம் பார்த்துக்கொள்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கடலோடு இணையும் முகத்துவாரம் மணல் மேவி அடைபட்டாலும் உள்ளே இருக்கிற எல்லாக் கழிகளும் மெலிந்துவிடும். பிச்சாவரத்தின் சின்னவாய்க்கால் முகத்துவாரத்துக்கு இந்தத் தொல்லை உண்டு.

எவ்வளவு காலம் ஆகும்?

முக்கியக் கழிகள் சில வருடங்களில் தெரியத் தொடங்கும். நுண்ணிய கிளைகளோடு பழைய சதுப்பின் அடர்த்திக்கு வர பல பத்தாண்டுகள். நிலம் சேறு படிந்து உயர உயர உள்ளே வரும் தண்ணீர் குறையும், அதனால் தொடக்கத்தில் பெரிதாக இருந்த சில கழிகள் பிற்பாடு சுருங்குவதும் உண்டு. அதைப் பார்த்துத் திட்டம் தோற்றுவிட்டது என்று அவசரப்பட வேண்டாம்.

மீனவர்களுக்கு இதனால் என்ன?

இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் கழி வழியாகத்தான் உள்ளே போய் மேய்கின்றன. கிளை அதிகமானால் மேயும் ஓரம் அதிகம்.

மேட்டூர், கிருஷ்ணகிரி அணைகள் கழிமுகத்தைப் பாதிக்கின்றனவா?

பாதிக்கின்றன. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு காவிரி கொண்டுவந்த மண்ணில் பெரும்பங்கு நீர்த்தேக்கத்தின் அடியிலேயே தங்குகிறது. நன்னீரும் முன்புபோல் கடைமடை தாண்டிப் போவதில்லை. சேறு குறைந்தால் சதுப்பு உயர்வது மெதுவாகும், நன்னீர் குறைந்தால் உப்பு கூடும். அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நம் வயலும் குடிநீரும் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் "ஆற்று நீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்று யாராவது பேசும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. கடலுக்குப் போகும் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட வேலையில்லாமல் போகவில்லை.

மரக்கன்று நட்டால் போதாதா? வாய்க்கால், மட்டம் என்று ஏன் இவ்வளவு?

போதாது. தண்ணீர் வந்துபோகும் வழியும் நிலத்தின் மட்டமும் சரியாக இருந்தால் பல இடங்களில் விதை தானே மிதந்து வந்து ஊன்றிக்கொள்ளும். அவை சரியில்லாத இடத்தில் ஆயிரம் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வது கன்றுக்கும் நல்லதில்லை, நட்ட பிள்ளைகளின் உழைப்புக்கும் மரியாதை இல்லை. முதலில் தண்ணீர், அப்புறம்தான் கன்று.

பிச்சாவரம் போகும்போது பிள்ளைகளை எதைப் பார்க்கச் சொல்லலாம்?

முதலில், வற்றம் இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். படகோட்டி அண்ணன்களிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். ஏற்றத்தில் எல்லாம் மூடியிருக்கும், அழகாக இருக்கும், ஆனால் பாடம் தெரியாது.

வற்றத்தில் கழியின் ஓரத்தைப் பாருங்கள். வேரோடு சேர்ந்து கட்டியாகச் சரிந்து, பாதி தண்ணீரில் நிற்கும் சேற்றுத் துண்டுகள் இருக்கும். கரை சரிவது அப்படித்தான். சுரபுன்னை வேரில் ஒரு மட்டம் வரை சேற்றுப் பூச்சு இருக்கும், அதற்கு மேல் வேர் வெளுத்துத் தெரியும். அந்தக் கோடுதான் சமீபத்து ஏற்றத்தின் உயரம். வளைவில் ஒரு கரை செங்குத்தாக அறுபட்டும் எதிர்க்கரை சாய்வாகச் சேறு படிந்தும் இருக்கும். சேற்றுத் திட்டின் மேல் விரல் அகலத்துக்கு ஓடும் நீர்க்கோடுகளையும் காட்டுங்கள். அடுத்த கழி அங்கிருந்து தொடங்கலாம்.

பள்ளியிலேயே செய்து காட்ட முடியுமா?

முடியும். ஓரம் உயர்ந்த அகலமான தகரத் தட்டு ஒன்று, ஏரி வண்டலும் நைஸ் மணலும் கலந்த கலவை இரண்டு விரல் கனத்துக்கு. தட்டைக் கொஞ்சம் சாய்த்து, தாழ்ந்த ஓரத்தில் ஒரு துளை போட்டுத் துணியால் அடையுங்கள். அந்தத் தாழ்ந்த பக்கம் இருந்தே மெதுவாகத் தண்ணீர் ஊற்றி மண் மூழ்கும் வரை நிரப்புங்கள், பிறகு துணியை எடுத்து வடியவிடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் துளைக்கு அருகே ஒரு வெட்டு விழுந்து, ஒவ்வொரு வடிப்புக்கும் பின்னுக்கு நகரும், கிளையும் விடும். கடலில் நீர் ஏறும்போதும் அறுக்கும், இதில் வடியும் பாதி மட்டும்தான் சரியாகத் தெரியும் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த சுற்றுக்குக் கொஞ்சம் இடத்தில் ஈர்க்குச்சித் துண்டுகளை நெருக்கமாக நட்டுவிட்டு மறுபடி செய்யலாம். ஒவ்வொரு வடிப்பு முடிந்ததும் மேலிருந்து ஒரு படம் எடுத்து எண் போட்டு வைக்கச் சொல்லுங்கள். குச்சி நட்ட இடத்தில் வெட்டு எந்தப் பக்கம் திரும்பியது என்று படங்களை வரிசையாக வைத்துப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.